பென்சில் விழுந்தபோது பூத்த மலை

அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. போன வாரம் அந்தச் சந்தோஷத்தோடுதான் நாங்கள் மூவரும் படுத்தோம். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத்தான் எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

"படம் சொல்ற வேலை" என்றாள் பேச்சி அக்கா.

"ஏன், படத்துக்கு வாய் இல்லையா?" என்று கேட்டாள், ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் அழகம்மா.

எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் நிம்மதி. முதலில் இலைநோய் வந்து கோப்பிச் செடிகளைத் தின்றது. தோட்டங்கள் விழுந்தன. தோட்டங்கள் விழவே, கோப்பியைக் காயவைத்துப் பொறுக்கி மூட்டை கட்டும் கண்டி ஸ்டோர்களும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. அப்படியொரு ஸ்டோரில் தராசடியில் நின்று நிறை கூவியவர் என் அப்பா கறுப்பையா. அங்கேயே கோப்பி பொறுக்கியவள் அக்கா. இருவரும் ஒரே நாளில் வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா இல்லாத வீடு அது. பகலில் துணிக்கடையில் முழம் போட்டு, மாலையில் மிஷன் வகுப்பில் படிக்கும் நான் மட்டுமே அதற்குப் பிறகு காலையில் வேலைக்குப் புறப்பட்டவன்.

பல்லேகலப் பக்கத்துத் துரை ஒருவர் பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். கதிரையும் அலுமாரியும் வாங்கப் போன ஜமால்தீன் முதலாளி, யாரும் கேட்காத ஒரு படவிளக்கையும் இரண்டு பெட்டி கண்ணாடிப் படங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். விளக்குக்கு முன்னால் கண்ணாடியைச் செருகினால், எதிரே கட்டிய வெள்ளைச் சீலையில் படம் சுவர் அளவுக்கு விரிந்து நிற்கும். எந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று சொல்லும் புத்தகத்தை மட்டும் கறையான் தின்றிருந்தது. ஆகவே படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒரு பெரிய குரல் தேவைப்பட்டது. கண்டியில் அப்பாவின் குரலைவிடப் பெரியது ரயில் எஞ்சினுக்குத்தான் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருகோணமலை வீதியில் அச்சகம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பத்திரிகை போடும் மக்கீன் நானா, "படக்காட்சிய பாத்துட்டு எப்படி ஈந்த எண்டு எழுதித் தா மகன்" என்று என்னிடம் விமர்சனம் கேட்டிருந்தார். என் எழுத்து முதன்முதலாக அச்சில் வரப்போகிறது. பேர் போடாமல்தான். அது அக்காவுக்கு மட்டும் தெரியும். படம் சொல்லப் போகிறவர் என் அப்பா என்பது மக்கீன் நானாவுக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுதுவதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை காலை. அன்று பிற்பகல்தான் முதல் காட்சி. கடையில் விடுப்புச் சொல்லியிருந்தேன்.

அப்பா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முதலாளி பார்த்துப் பழகக் கொடுத்திருந்த, வைக்கோல் பரப்பிய பெட்டியிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல். யானை. பூனையை மடியில் வைத்த வெள்ளைக்காரச் சிறுமி. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இவ்வளவு நிறம் எப்படிப் புகுந்தது என்று நானும் அக்காவும் ஒரு வாரமாகப் பேசித் தீர்க்கவில்லை. அவள் அடுப்பை மறந்தாள், நான் கடையை மறந்தேன்.

"இது என்னடா பழனி, சுண்ணாம்பு அடிச்ச மலையா?" என்றார் அப்பா.

வாங்கிப் பார்த்தேன். சரிவு முழுவதும் வெள்ளை. அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. மாலை வகுப்புப் புத்தகத்தில் இதே போன்ற ஒன்றைப் பார்த்திருந்தேன்.

"உறைபனிப்பா. சீமையில மழைக்குப் பதிலா அது மாவு மாதிரி விழுந்து மலையையே மூடிரும்."

"நுவரெலியாப் பக்கம் வெடியக்காலம் புல்லு மேல வெள்ளையாக் கெடக்குமே, அதுவா?"

"அதேதான். ஆனா முழங்கால் ஆழத்துக்கு."

"முழங்கால் ஆழத்துக்கா! அதுல அட்டை கடிக்குமா?"

அக்கா சிரித்து, கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி, விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்துப் பார்த்தாள். "குளிருமேடா. இந்த வீட்டுக்காரங்க எப்படி வெளியில வருவாங்க?" என்று அந்த வீட்டுக்காக வருத்தப்பட்டாள்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். தராசடியில் நின்று நிறை கூவிய அதே குரல். "இதோ பாருங்க, சீமையிலே உறைபனி மூடின மலை!"

அடுத்த காம்பிராவில் குழந்தை அழத் தொடங்கியது.

"யோவ் கறுப்பையா, புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு!" என்றாள் அழகம்மா சுவருக்கு அப்பாலிருந்து.

"மத்தியானம் வா அழகம்மா. ஓசியில கேக்கலாம்" என்றார் அப்பா.

காட்சி நடந்தது அப்பாவும் அக்காவும் வேலை செய்த அதே ஸ்டோரில். ஜமால்தீன் முதலாளிக்கு வாடகைக்குக் கிடைத்த பெரிய கூடம் அதுதான். ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பிற்பகலை இரவாக்கியிருந்தார்கள். கோப்பி வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. பெண்கள் வலப் பக்கம், முன்பு வரிசையாக உட்கார்ந்து கோப்பி பொறுக்கிய அதே இடத்தில், யாரும் சொல்லாமலே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நான் பின்னால் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் அமர்ந்தேன். விமர்சனம் எழுதுகிறவன் எதையும் தவறவிடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். படத்தின் நிறம், சொன்ன வார்த்தை, சனம் சிரித்ததா இல்லையா என்று எல்லாவற்றையும் இருட்டிலேயே குறித்தேன். ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் படமே தலைகீழாக விழுந்தது. கப்பல் கூரையிலிருந்து தொங்கியது. விளக்கடியில் நின்ற ஜமால்தீன் முதலாளி பதறினார்.

அப்பா அசரவில்லை. "பயப்படாதீங்க. கப்பல் முங்கிக் குளிக்குது. இப்ப எந்திரிக்கும் பாருங்க" என்றார். கண்ணாடியைத் திருப்பிப் போட்டதும் கப்பல் நிமிர்ந்தது. கூடம் கைதட்டியது.

யானை வந்தது. "இவரு நம்ம ஊர்க்காரரு. கப்பல்ல ஏத்திச் சீமைக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்க போயி எளைச்சுப் போயிட்டாரு, பாவம்." மறுபடியும் கைதட்டல். நன்றாகத்தான் சொல்கிறார் என்று எழுதினேன். எழுதியதும் உறுத்தியது. அப்பா என்பதால் நன்றாகத் தெரிகிறதோ? "நன்றாக" என்பதை அடித்தேன். அடிக்கும்போது பென்சில் கைநழுவி விழுந்தது.

குனிந்து தேடினேன். இருட்டில் கால்களாகவே இருந்தன.

"எவன்டா அது, காலைச் சொரண்டுறது?"

"பென்சில் அண்ணே, பென்சில்."

"படம் பாக்க வந்தியா, பாடம் படிக்க வந்தியா?"

மண்டியிட்டு நகர்ந்தேன். அப்போது தலைக்கு மேல் கூடம் முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெருமூச்சு போன்ற ஏதோ ஒன்று. விரலில் பென்சில் தட்டுப்பட்டது. எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சீலையில் உறைபனி மலை நின்றது. அதன் பக்கத்தில் அப்பா, கையை அகல விரித்துக்கொண்டு.

"ஆமா தாயி. கோப்பிப் பூதான். மழை பேஞ்சு ஓஞ்சிருக்கு. மலை முழுக்க வெள்ளையாப் பூத்து நிக்குது. மோந்து பாருங்க, வாசம் வருதா இல்லையா?"

"வருது!" என்றது பெண்கள் பக்கம். சிலர் அழுதார்கள். ஆண்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி அடுத்த கண்ணாடியை எடுக்கப் போனபோது, "மாத்தாதீங்க, இருக்கட்டும்!" என்று பல குரல்கள் கேட்டன.

எனக்கு முகம் சுட்டது. காலையில்தான் சொல்லிக் கொடுத்தேன். அவரும் சரியாகச் சொல்லிப் பார்த்தார். மறந்துவிட்டாரா? இல்லை, கைதட்டலுக்காகத் தெரிந்தே மாற்றினாரா? இரண்டாவது என்றால் அது ஏமாற்று. இந்தச் சனத்துக்கு உலகத்தில் உறைபனி என்று ஒன்று உண்டு என்று காட்டக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

அப்பா என்பதற்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காட்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக அச்சகத்துக்கு நடந்தேன். அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து, புரியாத குறிப்புகளை விட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதினேன். முடிவு இப்படி இருந்தது:

"படங்கள் அருமை. படம் சொன்னவரே குறை. உறைபனி மூடிய மலையைக் கோப்பிப் பூ என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். தெரியாமல் சொன்னால் அறியாமை, தெரிந்து சொன்னால் ஏமாற்று. எதுவாயினும் இவர் படம் சொல்லத் தகுந்தவர் அல்லர்."

மக்கீன் நானா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "பாக்க எலிக்குஞ்சு மாதிரி ஈக்கிற. கைல நல்ல காரம் ஈக்கி" என்று சொல்லி, எழுத்துக் கோர்ப்பவரிடம் நீட்டினார்.

எலிக்குஞ்சு புலிக்குட்டியாக வீடு திரும்பியது. மாலை வகுப்புக்குப் புத்தகத்தை எடுக்கத்தான் வந்தேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆனாலும் அழகம்மாவுக்கு யானைக் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாடா பழனி! எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

"முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? அடுத்து கலகெதரையில காட்டப் போறாராம். அதுக்கப்புறம் குருநாகல் வரைக்கும் ஊரு ஊராப் போறாராம். என்னையும் கூட்டிட்டுப் போறேன்னாரு."

"நெசமாவா?"

"ஆனா ஒண்ணு. நாளைக்குப் பேப்பர்ல இதைப் பத்தி வருதாம். பேப்பர்ல நல்லபடியா வந்தா நான்தான். குத்தம் குறை எழுதியிருந்தா கொழும்புலருந்து படிச்ச ஆளு ஒருத்தரைக் கூப்பிடுவாராம். அது அவரு வியாபாரம், அவரு பாக்க வேண்டியதுதானே." அப்பா தொண்டையைச் செருமினார். "குத்தமா எழுதுற மாதிரியா நான் சொன்னேன்? நீதான் படிச்சவனாச்சே, சொல்லு."

நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். தாழ்ந்த குரலில், "எழுதிக் குடுத்துட்டியா?" என்றாள்.

"குடுத்துட்டேன்."

"பூவைப் பத்தி எழுதுனியா?"

"எழுதாம? பனியைப் பூவுன்னு சொன்னா எழுதாம விடுவேனா? காலையில நான்தானே சொல்லிக் குடுத்தேன். கைதட்டுக்காக மாத்திச் சொல்லிட்டாரு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்கடா மாத்துனாரு? நீ எங்க இருந்தே அப்ப?"

"அங்கதான் இருந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீழ இருந்தேன். பென்சில் விழுந்துருச்சு" என்றேன்.

அக்கா கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அவரு 'உறை'ன்னு பாதி சொல்லிட்டாருடா. அதுக்குள்ள நான் கத்திட்டேன்."

"நீயா?"

"பூ பூத்திருக்குன்னு கத்துனது நான்தான். காலையில கையில வச்சுப் பாக்கறப்ப பனின்னுதான் தெரிஞ்சுது. சீலையில அம்புட்டுப் பெருசா வந்து நின்னதும் என்னமோ ஆயிப்போச்சு. அம்மா இருந்தப்ப நாம இருந்த தோட்டத்துல கடைசியாப் பூத்துச்சே, அந்த மலை மாதிரியே இருந்துச்சு. வாய் தன்னால சொல்லிருச்சு. அப்புறம் எல்லாப் பொம்பளைகளும் பூ பூன்னாங்க."

"அப்பா?"

"இருட்டுல என் மொகம் தெரிஞ்சிருக்காது. ஆனா என் குரல் தெரியாதா? வாயைத் தொறந்தபடியே நின்னாரு. நான் பனின்னு சொல்லிருவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் 'ஆமா தாயி'ன்னாரு."

ஆமா தாயி. அதை நானும் கேட்டேன். கூடத்துக்குச் சொன்னது என்று நினைத்தேன். வீட்டில் அப்பா அக்காவைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார்.

வெளியே அப்பா கரகரத்த குரலில், "கப்பல் முங்கிக் குளிக்குது" என்று சொல்வதும், அழகம்மா சிரிப்பதும் கேட்டன.

வகுப்புப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

அச்சகத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மக்கீன் நானாவின் கை முழங்கை வரை மை.

"நானா, அதை மாத்தணும்."

"எத்த?"

"படக்காட்சியை."

"எழுத்துக் கோத்து, சட்டத்துல வெச்சு முடுக்கியாச்சு மகன். இப்ப மாத்த ஏலா. போ, போய்த் தூங்கு."

"நானா, படம் சொன்னது எங்க அப்பா."

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

"வாப்பாட வேலைய மகன் எழுதினா ஊர் சிரிக்கும் எண்டு தெரியாதா?"

"தெரியும். அதான் கடுமையா எழுதினேன். பட்சபாதம் இருக்கக் கூடாதுன்னு."

"அப்ப அதுவும் வாப்பாக்காக எழுதினதுதானே. நல்லம் எண்டு எழுதினா என்ன, கூடாது எண்டு எழுதினா என்ன? நீ படத்தப் பாக்கல்ல, வாப்பாவத்தான் பாத்தீக்கிற."

நடந்ததைச் சொன்னேன். பென்சில், கால்கள், அக்கா, பூ. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இப்ப அவர் நல்லாச் செஞ்சாரெண்டு எழுதப் போறியா? என்ட பேப்பர்ல பொய் போட ஏலா" என்றார்.

"பொய் வேணாம் நானா. ஆனா நடந்ததை நான் பாக்கலையே. எப்படி எழுதுறது?"

"பாக்கல்லாட்டி, பாக்கல்ல எண்டு எழுது."

இவ்வளவு சுலபமான ஒன்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

"ஆனா ஒண்டு" என்றார். "பழையத எடுத்த எடத்துக்குச் சரியா ஈக்கணும். கூடினா வால வெட்டுவன். குறைஞ்சா மிச்ச எடத்துல மாட்டுத் தைல விளம்பரத்தப் போடுவன். படக்காட்சிக்குக் கீழ மாடு நிண்டா என்னக் கேக்காத."

எழுதினேன், அடித்தேன், எழுதினேன். எழுத்துக் கோர்ப்பவர் ஒவ்வொரு தடவையும் வாங்கிப் பார்த்து, "கூட" என்றார். அப்புறம், "இன்னும் கூட." அப்புறம், "மாடு வருது." கடைசியில் ஒன்றும் சொல்லாமல் ஈய எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கினார். அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கொழும்புப் படித்த ஆள் வந்துவிடுவாரா, மாட்டாரா? தெரியவில்லை. பனி என்பதை நான் எடுத்துவிடவில்லை. எடுத்திருந்தால் அப்பாவுக்கு நல்லதாக இருந்திருக்குமோ என்று வழியெல்லாம் யோசித்தேன். இப்போது எழுதும்போதும் யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. நான் வாசலுக்கு எதிரே மூங்கில் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜமால்தீன் முதலாளி குடையை மடக்கியபடி வந்தார். கக்கத்தில் பத்திரிகை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வியாபாரி முகம்.

குடம் நிரம்பி வழிந்தது. நான் நகரவில்லை.

"கறுப்பையா, பேப்பர்ல வந்தீக்கி. வாசிக்கவா?"

"வாசிங்க முதலாளி." அப்பா எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அக்கா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

முதலாளி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கப்பல் குளித்ததும், யானை இளைத்ததும் வந்தன. பிறகு:

"அடுத்து வந்தது உறைபனி மூடிய மலை. இதை எழுதுபவன் அப்போது கீழே விழுந்த பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தான். ஆகவே தான் காணாததைக் கண்டவர் வாயால் கேட்டே எழுதுகிறான். பெண்கள் பக்கமிருந்து பூ என்று ஒரு குரல் எழுந்தது. கூடம் முழுவதும் பூ என்றது. அது பனி என்று அறிந்தவரான படம் சொல்பவர், அந்தக் குரலை மறுக்கவில்லை. கண்ணாடியில் இருந்தது பனி. சீலையில் விழுந்தது கோப்பிப் பூ. இரண்டையும் காண விரும்புவோர் தலையைக் குனியாமல் இருக்கக் கடவர்."

முதலாளி பத்திரிகையை மடித்தார். "பனி எண்டும் போட்டீக்கி, பூ எண்டும் போட்டீக்கி. இது நல்லதா, குத்தமா எண்டு எனக்கு வெளங்கல்ல. உங்களுக்கு வெளங்குதா?"

அப்பா பீலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வழிகிற குடத்தைப் பார்த்தேன்.

"எழுதுனவரு நேத்து குனிஞ்சிருந்தாலும், அப்புறம் நிமிந்து பாத்திருக்காரு முதலாளி" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியா. காலத்தால கடையத் தொறக்கக்குள்ளயே பொம்பளயள் வந்து நிக்கிறாங்க, பூத்த மலைய திரும்பக் காட்டுவீங்களா எண்டு. படிச்ச மனிசரும் ரெண்டு பேர் வந்தாங்க, பனிய பாக்கோணுமாம்." முதலாளியின் வியாபாரி முகம் கொஞ்சம் தளர்ந்தது. "கலகெதரைக்கு நீங்கதான் வாறீங்க. ஆனா முதல்ல ஒண்டு செல்லுங்க. அங்க எனத்தச் செல்லப் போறீங்க? பனியெண்டா, பூவெண்டா?"

"படத்தைப் போட்டுட்டுக் கொஞ்சம் சும்மா நிப்போம் முதலாளி. அங்க உள்ள சனம் என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு, அப்புறம் நான் சொல்றேன்."

முதலாளி தலையை ஆட்டினார். போகத் திரும்பியவர், குடையைப் பாதி விரித்தபடி நின்றார்.

"மறந்திட்டன் பாருங்க. அந்த ரெண்டாம் பெட்டிய நேத்துத்தான் ஒடைச்சன். அதுல ஈக்கிற கண்ணாடியள் வேற மாதிரி. ஓரத்துல பித்தளையில சின்னக் கைபிடி வெச்சீக்கி. அதச் சுத்தினா..." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "படம் அசையுது கறுப்பையா. கடல்ல அலை எழும்பி விழுது. என்ட கண்ணால பாத்தன்."

அவர் போன பிறகும் அப்பா வாசலிலேயே நின்றார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து உள்ளே போகப் பார்த்தேன்.

"பழனி."

"அப்பா."

"மேல நின்னு பேசறவனுக்கு எல்லாத் தலையும் தெரியும்டா. எந்தத் தலை குனியுது, எது எந்திரிக்குதுன்னும் தெரியும்." அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியிருந்தார். "கலகெதரைக்கு நீயும் வா. அந்தப் பென்சில்ல ஒரு நூலைக் கட்டிக் கழுத்துல போட்டுக்க."

எனக்குக் கண் கலங்கியது. குடம் கையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

அக்கா வந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். அவள் இன்னும் முதலாளி சொன்னதிலேயே இருந்தாள்.

"ஏன்டா பழனி, படம் அசையுதுன்னா நீ எப்படிடா எழுதுவே? நீ ஒரு வரி எழுதி நிமிர்றதுக்குள்ள அந்த அலை விழுந்து போயிருமே?"